வரிப்பாறைக்கு ஆள் கூட்டிப்போனவர்

சிங்கப்பூரில், தேக்கா சந்தையின் மீன்வாசம் காலையில் மேலேறி வரும் பஃபலோ ரோட்டு அடுக்குமாடி ஒன்றில் பாக்கியலட்சுமி குடியிருக்கிறார். வயது ஐம்பத்து நான்கு. கணவர் ரத்னவேல் பூன் லே பக்கம் பஸ் ஓட்டுகிறார். ஒரே மகள் வர்ஷா கல்யாணமாகிப் பொங்கோலில் தனிக்குடித்தனம். பேச்சு என்று வந்துவிட்டால் பாக்கியலட்சுமிக்கு யாரும் எடுத்துக்கொடுக்க வேண்டியதில்லை. மின்தூக்கியில் கூட ஏறும் முன்பின் தெரியாத ஆளிடம், தம் மாடி வருவதற்குள் முழங்கால் வலி, மகனுக்குப் பெண் பார்க்கும் சங்கதி, பேரனின் பள்ளிக்கூடம் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டுவிடுவார். ரத்னவேல் பக்கத்தில் நின்று மாடி எண்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இருபது வயதில் சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தவர். உயிருள்ள சரக்கு அவர் பொறுப்பு. கிராஞ்சிக்குப் போகிற பந்தயக் குதிரைகள், தண்ணீர்ப் பைகளில் வண்ணமீன்கள், கூடை கூடையாகக் கோழிக்குஞ்சுகள். விமானம் இறங்கியதும் பெட்டிக்குள் எட்டிப்பார்த்து, உள்ளே இருப்பது மூச்சு விடுகிறதா என்று உறுதிசெய்துகொண்டு கையெழுத்துப் போடவேண்டும். மிரண்டு நிற்கும் குதிரையிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் நகர்வார். கொரோனா வந்த ஆண்டில் நிறுவனம் ஆள்குறைப்புச் செய்தபோது அவர் பெயரும் அதில் வந்தது. அவருக்குக் கீழே வேலை கற்றுக்கொண்ட ஷங்கரும் அன்றைக்கே வெளியே வந்தான். இருவரும் பணியாளர் அட்டையைக் கொடுத்துவிட்டு, பேருந்து நிறுத்தத்தில் முகக்கவசத்தோடு இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அடுத்து என்னக்கா பண்ணப்போறீங்க?" என்று ஷங்கர் கேட்டான்.

"மொதல்ல தூங்கணும்டா" என்றார் பாக்கியலட்சுமி.

தூங்கித்தான் பார்த்தார். சில மாதங்களில் அதுவும் சலித்துப்போயிற்று. வீட்டுக்குள் ஒரே இடத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த மனைவியைப் பார்க்கப் பொறுக்காமல், விடுப்பு நாள் ஒன்றில் ரத்னவேல், "வா, உபின் தீவுக்குப் போய்ட்டு வருவோம்" என்றார்.

பாக்கியலட்சுமிக்குக் கடலைப் பார்க்கப் பிடிக்கும். அதன்மேல் போகப் பிடிக்காது. சாங்கி படகுத்துறையிலிருந்து பம்போட் என்கிற சின்ன மோட்டார் படகு பத்து நிமிடத்தில் அக்கரை சேர்த்துவிடும். அந்தப் பத்து நிமிடமும் ரத்னவேலின் சட்டைக்கையைப் பிடித்த பிடி விடவில்லை. இறங்கியபோது சட்டை கசங்கியிருந்தது, பாக்கியலட்சுமிக்கு முகம் வெளுத்திருந்தது. "திரும்பிப் போறதுக்கு வேற வழி இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார்.

தீவில் நடந்தார்கள். ஒரு காலத்தில் கருங்கல் உடைத்த பள்ளங்களில் இப்போது பச்சைநிறத் தண்ணீர் தேங்கி, சுற்றிலும் கல்சுவர் செங்குத்தாக நின்றது. அதன் விளிம்பில் நாரைகள். பிறகு ரத்னவேலுக்குப் பாதை தப்பி, இருவரும் ஒரு கடற்கரையில் போய் முட்டினார்கள். கடல் வற்றியிருந்த நேரம். சேற்றுமணலில் ஆளுயரத்துக்கும் மேலான கருங்கற்பாறைகள் நின்றன. ஒவ்வொன்றின் உடம்பிலும் மேலிருந்து கீழாக வரிவரியாகப் பள்ளங்கள். கை வைத்தால் விரல் உள்ளே பதிந்து இறங்கும்.

பாக்கியலட்சுமி நின்றுவிட்டார். "ஏங்க, புடவைக்குக் கொசுவம் வச்ச மாதிரி இருக்குங்க. கல்லுக்கு யாரு கொசுவம் வச்சது?"

"எனக்கென்னம்மா தெரியும்? நான் பஸ் ஓட்றவன்."

அந்தக் கேள்வி பாக்கியலட்சுமியை விடவில்லை. வீட்டுக்கு வந்தும் கைப்பேசியில் தேடினார்; படித்ததில் பாதி புரியவில்லை. இயற்கை வழிகாட்டிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்ற விளம்பரம் அப்படித் தேடும்போதுதான் கண்ணில் பட்டது. வேலையிழந்தவர்களுக்குச் சலுகை வேறு. சேர்ந்தார். முதல் தேர்வில் தோற்றார். செடிகளின் பெயரையெல்லாம் போட்டுக் குழப்பிவிட்டிருந்தார். "நீ பேசியே பாஸ் ஆயிருவேன்னு நெனச்சேன்" என்றார் ரத்னவேல். "பேச விட்டாத்தானே" என்றார் இவர். இரண்டாம் முறை தேறினார். பம்போட் பயம் மட்டும் தேறவில்லை. படகின் நடுப்பலகையில், கரையைப் பார்த்தபடி, கைப்பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு போகப் பழகிக்கொண்டார், அவ்வளவுதான்.

முதன்முதலாக ஆள் கூட்டிப்போன நாளில், அந்தப் பாறைகளுக்கு முன்னால் நின்று, இது எரிமலை கக்கிய கல் என்று கையை விரித்துச் சொன்னார். எல்லாரும் 'ஓ' என்றார்கள். திரும்பி நடக்கும்போது கண்ணாடி போட்ட ஒருவர் மட்டும் அவரோடு சேர்ந்து பின்தங்கி நடந்தார். பெயர் தர்மிகன், யாழ்ப்பாண வழிக் குடும்பம், பல்கலைக்கழகத்தில் பாறைகளைப் பற்றி ஆராய்கிறவர்.

"ஆன்ட்டி, நீங்க சொன்ன விதம் நல்லா இருந்தது. ஒண்ணே ஒண்ணு. இந்தக் கல் வெளிய வரவே இல்லை. பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல உருகிக் கிடந்தது, அங்கேயே மெல்ல ஆறி இறுகிட்டுது. இருபது கோடி வருஷத்துக்கும் மேல இருக்கும். மேல மூடியிருந்ததெல்லாம் கரைஞ்சு போனபிறகுதான் நம்ம கண்ணுக்குத் தெரியுது."

"அப்ப வெளிய வராத எரிமலையா?"

தர்மிகன் சிரித்துவிட்டார். "அப்படியும் சொல்லலாம்."

"கொசுவம்?"

"எது?"

"அந்தக் கோடு கோடா இருக்குதே."

"மழை, ஆன்ட்டி. வெறும் மழை. வழிஞ்ச பாதையிலேயே திரும்பத் திரும்ப வழிஞ்சு அரிச்சது."

பாக்கியலட்சுமிக்கு அது எரிமலையைவிடப் பிடித்திருந்தது. அடுத்த நடையிலிருந்து அதைத்தான் சொன்னார். பாறைக்கு வரிப்பாறை என்று பெயரும் வைத்துவிட்டார். தப்பாகச் சொன்னதைத் தாமே சொல்லிச் சிரிப்பதும் நடையின் ஒரு பகுதியாகிவிட்டது. தர்மிகனுக்குச் சந்தேகம் கேட்டு அனுப்பும் குரல் செய்திகள் மட்டும் நின்றபாடில்லை.

படகுத்துறையிலிருந்து கொஞ்சதூரத்தில் ஒலி முகம்மதின் கடை. சைக்கிள் வாடகை, இளநீர், குளிர்பானம். தீவிலேயே பிறந்தவர், கடைக்குப் பின்னால் வீடு. பாக்கியலட்சுமி நடை முடிந்து வந்தால் அவர் கடையில்தான் காலாறுவார். "வாம்மா தங்கச்சி, இன்னைக்கும் கல்ல பாத்தாச்சா?" என்று ஒலி பாய் கேட்பார். அவருக்கு அது தீராத வேடிக்கை. காசு கொடுத்துப் படகேறி வந்து கல்லைப் பார்க்கிறார்களே!

கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு ஒருநாள் ஷங்கர் கூப்பிட்டான். 'நாலு திசை' என்று சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கியிருந்தான். பெரிய அலுவலகங்களின் ஊழியர்களைக் கூட்டிப்போய் விளையாட்டு, போட்டி, சாப்பாடு என்று ஒருநாள் முழுக்க நடத்திக்கொடுப்பது. "அக்கா, சனிக்கிழமை எல்லாம் உபின்தான். நீங்க வந்து தீவப் பத்திப் பேசினாப் போதும். உங்க வாய்க்கு எங்க போனாலும் கூட்டம் நிக்கும் லா."

பாக்கியலட்சுமிக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. வேலை போன நாளில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் தலையெடுத்து நிற்கிறான்; தம்மையும் மறக்கவில்லை.

சனிக்கிழமைகளில் தீவு களைகட்டியது. ஒரே நிறச் சட்டையில் நூறு பேர், சிலவேளை இருநூறு பேர் வந்து இறங்கினார்கள். படகுக்காரர்களுக்கு ஓய்வில்லை. ஒலி பாயின் கடையில் மத்தியானத்துக்குள் ஒரு சைக்கிள் மிஞ்சாது. அவர் மனைவி ஹமீதா இளநீர் வெட்டி வெட்டிக் கை ஓய்ந்துபோனார். பாக்கியலட்சுமி ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு பேசினார். பாதிப் பேர் கேட்டார்கள், மீதிப் பேர் படம் எடுத்தார்கள். பரவாயில்லை என்றுதான் இருந்தது. நூறு பேரில் ஒருவர் அந்த வரிகளில் விரலை வைத்து நின்றாலும் சரிதான் என்று எண்ணிக்கொள்வார்.

அப்படி ஒரு சனிக்கிழமை, கூட்டம் வருமுன் இடத்தைப் பார்த்துவரப் போனவருக்கு வரிப்பாறைகளில் பெரிய பாறையின் நெற்றியில் ஏதோ மின்னியது தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தார். இரும்பு ஆணிகள். சாதாரண ஆணியில்லை, பாறையைத் துளைத்துச் செருகி இறுக்கிய, வளையம் வைத்த, கட்டைவிரல் மொத்தமுள்ளவை. உச்சியிலிருந்து இடைவெளி விட்டு வரிசையாக இறங்கின. கயிறு கட்டிப் பாறை ஏறும் போட்டிக்காக முந்தின நாளே ஆள் வைத்து அடித்திருந்தார்கள். துளைபோட்ட அதிர்ச்சியில் ஒரு வரியின் விளிம்பு ஒரு முழ நீளத்துக்குப் பெயர்ந்து மணலில் கிடந்தது. உடைந்த இடம் உப்புபோல் வெள்ளையாக, புதிதாக இருந்தது.

அவருக்கு முதலில் கோபம் வரவில்லை. சரக்குப் பெட்டியைத் திறந்து, உள்ளே அசைவில்லாமல் கிடந்ததைப் பார்த்த சில நாட்கள் உண்டு. அந்த நாட்களில் செய்ததுபோலவே குனிந்து, பெயர்ந்து கிடந்த துண்டின்மேல் கையை வைத்துப் பார்த்தார்.

ஷங்கர் கையில் ஒலிபெருக்கியோடு வந்தான்.

"என்ன ஷங்கர் இது?"

"க்ளையன்ட் கேட்டாங்கக்கா. போன தடவையே ஒரே விளையாட்டுன்னு கம்ப்ளெய்ன்ட். இந்தத் தடவ புதுசா ஒண்ணு கேட்டாங்க."

"பெர்மிட் இருக்கா?"

"பீச்ல கேம்ஸ் நடத்த இருக்கு."

"துளை போட?"

அவன் கடலைப் பார்த்தான். "அக்கா, கல்லுதானே? மரமா, செடியா, வாடிப் போறதுக்கு?"

"மரம்னா திரும்ப வளரும் ஷங்கர். இது வளராது."

அன்றைக்குப் போட்டி நடந்தது. பாக்கியலட்சுமி பேசவேண்டிய இடத்தில் பேசினார். குரல் மட்டும் எழும்பவில்லை. சாயங்காலம் படகுத்துறையில் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். "நீயே பூங்கா ஆபீஸுக்குப் போய், இப்படிச் செஞ்சுட்டோம்னு சொல்லிடு. நீ சொன்னா தப்புன்னு ஆகும். வேற யாராச்சும் சொன்னா மறைச்சேன்னு ஆகும்." ஷங்கர் சரி என்றான். அடுத்த வாரம் கேட்டபோதும் சரி என்றான். அதற்கடுத்த சனிக்கிழமைக்கு இன்னும் பெரிய கூட்டம் பதிவாகியிருந்தது.

இரண்டு மூன்று நாள் பாக்கியலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் ஷங்கரின் பிழைப்பு போகும். ஒலி பாயின் சைக்கிள்கள் நிற்கும். தம்முடைய சனிக்கிழமை வேலையும் போகும். சொல்லாவிட்டால் அடுத்தது எந்தப் பாறை? ரத்னவேலிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டார்.

"நீ முடிவு பண்ணிட்ட. நான் ஆமான்னு சொல்றதுக்காகக் காத்திருக்க. ஆமா."

பாக்கியலட்சுமி படகேறி, தீவைப் பராமரிக்கும் பூங்கா அலுவலகத்துக்குப் போய், கைப்பேசியில் எடுத்த படங்களைக் காட்டினார். போவதற்கு முன் ஷங்கருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுத்தான் போனார். அவன் பட்டென்று வைத்துவிட்டான்.

நடவடிக்கை தாமதிக்கவில்லை. 'நாலு திசை'க்குத் தீவில் தந்த அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. ஆணிகளைத் தன் செலவில் அகற்றிக்கொடுக்கவேண்டும் என்று உத்தரவானது. பதிவு செய்திருந்த அலுவலகங்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டன. அடுத்த சனிக்கிழமை பாக்கியலட்சுமி தீவுக்குப் போனபோது ஒலி பாயின் கடைமுன் சைக்கிள்கள் கைப்பிடியோடு கைப்பிடி உரசிக்கொண்டு அப்படியே நின்றன. 'வாம்மா தங்கச்சி' இல்லை.

"ஒங்க கல்லு பத்திரமா இருக்குல்ல?" என்றார் ஒலி பாய். "சந்தோஷம். எங்க சைக்கிளப் பாருங்க."

"அண்ணே, அந்தப் பாறைய..."

"நீங்க சாயங்காலம் போட் ஏறித் தேக்காவுக்குப் போயிருவீங்க. நாங்க எங்க போறது?"

பாக்கியலட்சுமி அன்றைக்கு இளநீர் வாங்காமலே படகுத்துறைக்குத் திரும்பினார். பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் அந்த ஆண்டு முடிவதற்குள் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். அவருக்கு வயதாகிவிட்டது, எப்படியும் மூடியிருப்பார் என்று பலரும் சொன்னார்கள். தம் பங்கும் அதில் கொஞ்சம் உண்டு என்று பாக்கியலட்சுமி இன்றைக்கும் நினைக்கிறார்.

ஆனாலும் தீவுக்குப் போவதை விடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்பதற்காக வராமல் இருந்தால், சொன்னதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும் என்று தோன்றியது. வார நாட்களில், சின்னக் குழுவாக, நடந்தே போகும் சுற்று ஒன்றைத் தாமே அறிவித்தார். கல்குளம், கரையோரம், கடல் வற்றும் நேரம் பார்த்து வரிப்பாறை. முதல் நாள் வந்தவர்கள் மூன்றே பேர். ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற சரோஜினியும் அவர் தோழியும். மூன்றாவது ஆள், கூட்டமாகத் தெரியவேண்டும் என்று விடுப்புப் போட்டு வந்த ரத்னவேல்.

பாதி வழியில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கரையை எட்டுமுன் அடித்துக் கொட்டத் தொடங்கிவிட்டது. குடைக்கெல்லாம் அடங்காத மழை. ஓட்டமும் நடையுமாகப் படகுத்துறைக்குத் திரும்பினால், இடி மின்னலில் படகு எடுக்கமாட்டோம் என்று படகுக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஒதுங்குவதற்குப் பக்கத்தில் ஒலி பாயின் கடை மட்டும்தான் திறந்திருந்தது. பாக்கியலட்சுமி தயங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

உள்ளிருந்து ஹமீதாதான் சத்தம் போட்டார். "ஏன் அங்கயே நிக்கிறீங்க? வந்து உக்காருங்க லா. காய்ச்சல் வந்தா யாரு பாக்குறது?"

மழை விடுவதாக இல்லை. நேரமோ சாப்பாட்டு நேரம். ஹமீதா இருந்ததை எடுத்து வைத்தார். சோறு, புளியும் மிளகாயும் தூக்கலாகப் போட்டு மலாய்க்காரர்கள் அசாம் என்கிற மீன்குழம்பு, மிளகாய் அரைத்த சம்பால், தோட்டத்துப் பப்பாளி. சைவமான சரோஜினிக்குத் தனியாகக் கங்கோங் கீரையை வதக்கிக் கொடுத்தார். நனைந்த உடம்புக்கு அந்தச் சோறு அமிர்தமாக இறங்கியது. சரோஜினி வெட்கத்தை விட்டு மறுசோறு கேட்டார்.

ஒலி பாய் கொஞ்சம் தள்ளி, சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டபடி உட்கார்ந்திருந்தார். சரோஜினி அவரிடம் பேச்சுக் கொடுத்தார்.

"ஒங்க குடும்பம் இங்க எப்படி வந்தது?"

"கல்லு ஒடைக்கத்தான். வாப்பா குவாரியில வேல பாத்தாங்க. வெடி வைக்கிறதுக்கு முன்னாடி சங்கு ஊதும். ஊதினா நாங்க எல்லாரும் மேசைக்கு அடியில பூந்துக்கணும். சில நாள் கூரையில கல்லு விழும்." அவர் சங்கிலியை ஒரு சுற்றுச் சுற்றினார். "ஜொகூர் பாலத்துக்கெல்லாம் இங்கேருந்து கல்லு போனதுன்னு வாப்பா பெருமையாச் சொல்லுவாங்க. அந்தத் தூசியிலயே கெடந்தாங்க. கடசியில நெஞ்சு முழுக்கத் தூசி. இருமி இருமியே மவுத்தாயிட்டாங்க. இந்தக் கல்லு எங்களுக்குச் சோறும் போட்டுச்சு, வாப்பாவையும் எடுத்துக்கிச்சு."

ஒலி பாய் பாக்கியலட்சுமியை நிமிர்ந்து பார்த்தார்.

"அதுனாலதான் எனக்குக் கோவம் வந்துச்சு தங்கச்சி. அத்தனை வருஷம் ஒடைச்சாங்க, யாரும் ஏன்னு கேக்கல. இப்ப நாலு ஆணி அடிச்சதுக்கு என் கடையே படுத்துருச்சு."

"உங்க வாப்பா கதைய இத்தனை வருஷத்துல நான் கேக்கவே இல்லையேண்ணே" என்றார் பாக்கியலட்சுமி. "எல்லார்கிட்டயும் ஊர்க்கதை கேக்கிறவ. உங்ககிட்ட இளநீர் மட்டும் கேட்டிருக்கேன்."

மழை விட்டு வெயில் வந்தது. படகில் திரும்பும்போது சரோஜினி, "பாறை பார்க்க முடியாமப் போச்சே, அதுக்கு இன்னொரு தரம் வரணும்" என்றார். பிறகு, "சாப்பாடு அங்கேயேதானே?" என்று கேட்டார். அடுத்த முறை நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு வந்தார்.

பாக்கியலட்சுமி ஹமீதாவிடம் போய்ப் பேசினார். நடை முடிந்து ஹமீதா வீட்டில் சாப்பாடு. முதல் நாளே எத்தனை பேர், எத்தனை சைவம் என்று சொல்லிவிடுவது. ஒருநாளைக்குப் பத்துப் பேருக்கு மேல் இல்லை. ஹமீதா உடனே தலையாட்டினார். ஒலி பாய்தான் பிகு செய்தார். "சோறு போடுறோம். கதையெல்லாம் சொல்ல நான் கைடு இல்லம்மா." சரி என்று விட்டுவிட்டார் பாக்கியலட்சுமி. வந்தவர்கள் விடவில்லை. யாராவது ஒருவர் கேட்பார். அவர் ஒரு வரி சொல்வார். பிறகு சங்கு ஊதுவதில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லி முடிப்பார். சைக்கிளில் பாதியை விற்றுவிட்டு, அந்த இடத்தில் மேசை நாற்காலி போட்டார்கள்.

ஆணிகளை எடுத்த நாள் வந்தது. எப்படி எடுப்பது என்று பூங்கா அலுவலகத்தார் தர்மிகனிடம் ஆலோசனை கேட்டிருந்தார்கள். பிடுங்கினால் பாறை இன்னும் பெயரும். பாறை மட்டத்தோடு அறுத்து, துளையின் வாய்க்குக் கருங்கல் பொடி குழைத்த சாந்து பூசவேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். கடல் வற்றிய காலைநேரத்தில் தர்மிகனும் அறுக்கும் கருவியோடு இரண்டு வேலையாட்களும் வந்தார்கள். பின்னாலேயே முழங்கால்வரை சேற்றோடு ஷங்கர் வந்தான். பணத்தைக் கட்டிவிட்டு வராமல் இருந்திருக்கலாம். யாரும் அவனைக் கேட்டிருக்கமாட்டார்கள். வந்து, சாந்து வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாக்கியலட்சுமி தாம் கொண்டுவந்த காப்பிப் போத்தலைத் திறந்து அவனுக்கு ஊற்றிக் கொடுத்தார். அவனும் வாங்கிக் குடித்தான்.

"அந்த ஒடஞ்ச துண்டு?" என்று அவன் தர்மிகனிடம் கேட்டான். "ஒட்ட முடியாதா?"

"ஒட்டினா இன்னும் அசிங்கமாயிரும். விட்டுடுங்க. மழையே மழுங்கடிச்சிரும்."

"எவ்வளவு நாளாகும்?"

தர்மிகன் யோசித்தார். "சில ஆயிரம் வருஷம்?"

ஷங்கர் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அவன் பாக்கியலட்சுமியின் முகத்தைப் பார்த்தான். "சாரிக்கா" என்று ஒரே வார்த்தை. "சாந்து காயுதுடா, எடுத்துக் குடு" என்றார் அவர்.

இப்போது மாதத்துக்குச் சில நடைகள் நிறைந்துவிடுகின்றன. விமான நிலையச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வராது. ஆனாலும் பாக்கியலட்சுமி வேறு வேலை தேடவில்லை. பள்ளிக்கூடங்கள் கேட்கின்றன. வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். ஒரு பெரிய சுற்றுலா நிறுவனம் வாரந்தோறும் பேருந்து நிறைய ஆள் அனுப்புகிறோம் என்றது. பாக்கியலட்சுமி ஒலி பாயையும் ஹமீதாவையும் உட்காரவைத்து, என்ன சொல்வது என்று கேட்டார். முன்போல் தாம் மட்டும் தீர்மானிக்கக்கூடாது என்று நினைத்தார். ஒலி பாய்தான் ஹமீதாவைக் கைகாட்டிப் பேசினார். "ஆசையாத்தான் இருக்கு. ஆனா அத்தனை பேருக்கு இவளால ஆக்க முடியாது. வெளியேருந்து பொட்டலம் வரும். பொறவு நம்ம வீட்டுக்கு எதுக்கு வர்றாங்க?" வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அது சரியா என்று மூவருக்கும் இன்னும் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது.

சென்ற மாதம் தேக்கா அடுக்குமாடியின் மூத்தோர் குழு வந்தது. மின்தூக்கியில் பாக்கியலட்சுமியிடம் முழங்கால் வலி சொன்னவர்கள்தான் பாதிப் பேர். முப்பது பேர் பெயர் கொடுத்தார்கள். அவர் மூன்று வாரமாகப் பிரித்துவிட்டார். முதல் வாரம் வந்தவர்களில் ரத்தினம்மா என்பவர் படகில் ஏறியதிலிருந்து குறை சொல்லிக்கொண்டே வந்தார். வெயில், கொசு, உட்கார இடமில்லை. வரிப்பாறைக்கு முன்னால் வந்ததும் ஓய்ந்தார். கைத்தடியைப் பாக்கியலட்சுமியிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் பாறையைத் தடவினார்.

"இம்புட்டு வருசமா இது இங்கயேவா இருந்துச்சு?"

"இங்கயேதான்மா."

"எழுவது வருசமா இந்த ஊர்ல இருக்கேன். ஒருத்தரும் சொல்லலையே." அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "பக்கத்துல ஒரு பெஞ்சு போடச் சொல்லேன்."

"அத ஆபீஸ்ல கேக்கணும். கேக்குறேன்."

"கல்லு பெஞ்சு வேணாம். மரத்துல போடச் சொல்லு. கல்லு சுடும்."

எல்லாரும் சிரித்தார்கள். சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது ஒலி பாய் சங்கு ஊதும் கதையைத் தொடங்கியிருந்தார். ஹமீதா நடுவில் வந்து, குழம்பு ஆறுகிறது, கதையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள் என்று அதட்டினார். அந்த நேரத்தில் பாக்கியலட்சுமியின் கைப்பேசி அடித்தது. ஷங்கர்.

"அக்கா, அடுத்த மாசம் ஒரு குரூப் இருக்கு. ஜப்பான்லேருந்து வர்றாங்க. கேம்ஸ் எல்லாம் வேணாமாம், சும்மா நடக்கணுமாம்."

"எத்தனை பேரு?"

"தெரியும்க்கா, தெரியும். ஒம்பது பேருதான்."

"அப்ப கூட்டிட்டு வா. நீயும் சாப்பிட்டுப் போற மாதிரி வா" என்றார் பாக்கியலட்சுமி. கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் பகல்வேளையில் கடல் எந்தெந்த நாள் வற்றும் என்று பார்க்கத் தொடங்கினார்.